ஒரு ஹீற்றருக்கு ஐந்து சனிக்கிழமை

கமலநாயகி அக்காவைப் பற்றி ஜேர்மனியில் எங்கள் எசன் நகரில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய தேத்தண்ணியைச் சொல்வார்கள். பிறகு அவர் மணவறைத் தூண்களில் ஒட்டும் கல் வேலையைச் சொல்வார்கள். என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கராஜில் ஒரேயொரு ஹீற்றரைப் பூட்டுவதற்கு என்னை ஐந்து சனிக்கிழமை ஏணியில் ஏற்றி இறக்கிய மனுசி அவர். அதற்கு அவர்தான் காரணம் என்று விளங்க எனக்கு நான்கு சனிக்கிழமை பிடித்தது. அது அதைவிடப் பெரிய எரிச்சல்.

என் பெயர் வசந்த்குமார். மின்சார வேலை. இந்த ஊரிலேயே தொழில் படித்து, தொழிலில் உச்சப் பட்டமான மைஸ்டர் சோதனையும் பாஸ் பண்ணி, இருபத்தாறு வருடமாக வயர் இழுக்கிறேன். கிழமை நாளில் கம்பனி வேலை, சனிக்கிழமையில் எங்கள் சனத்தின் வேலை. எங்கள் சனத்துக்கு வேலை செய்வதில் உள்ள கரைச்சல் என்னவென்றால், அந்த வீட்டில் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் மின்சாரம் தெரிந்திருக்கும்.

அக்காவும் அவருடைய கணவர் சிற்றம்பலம் அண்ணையும் எண்பத்தெட்டில் இங்கே வந்தவர்கள். அண்ணை ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தார். அக்கா உறைந்த மீனைப் பெட்டியில் அடுக்கும் குளிர் அறையில் பத்தொன்பது வருடம் நின்றார். இரண்டு சோடி கையுறை போட்டாலும் உள்ளே விரல் மரத்துவிடுமாம். அதைக்கூட முறைப்பாடாகச் சொல்லமாட்டார். "அங்க நல்ல சனம் தம்பி, மத்தியானத்தில சுடச்சுட சூப் தருவினம்" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பத்தொன்பது வருடமும் விரலில் வந்து நின்றது. கொஞ்சம் குளிர்பட்டாலே அக்காவின் விரல்கள் இரத்தம் ஓடாமல் மெழுகுபோல வெளுத்துவிடும். டொக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அக்கா அதை 'வெள்ளை விரல்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விடச் சொன்னார்கள். வீட்டில் இருந்து ரிவி பார்க்கச் சொன்னார்கள். மூன்று மாதம் பார்த்தார். பிறகு ஒரு நாள் கராஜுக்குள் இறங்கினார்.

கராஜில் அப்போது அண்ணை மணவறை செய்யத் தொடங்கியிருந்தார். கார் வெளியே போய்ப் பத்து வருடம் ஆகிறது. இரண்டு கார் நிற்கிற இடத்தில் இப்போது ஆறு தூண், ஒரு மேல்விதானம், இரண்டு யானை, ஒரு பிள்ளையார், எல்லாம் பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகையான றெஜிபோமில் வெட்டிப் பொன் நிறம் பூசியது. கோடையில் கல்யாணம், குளிரில் வேலை. அண்ணை வெட்டுவார், பூசுவார். ஆனால் மணமக்களின் படத்தில் பின்னால் மினுங்குவது அக்காவின் வேலை. சோளப்பொரி அளவுகூட இல்லாத கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தாமரையாகவும் மயிலாகவும் ஒட்டுவார். கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கல்லைத் தூக்கவே ஏலாது. அந்த மேசையில் இருக்கும்போது அக்கா சிரிப்பார், கதைப்பார், பாட்டு முணுமுணுப்பார். மேலே வீட்டுக்குள் போனால் வாய் மூடிக்கொள்ளும்.

கடந்த மார்கழியில் வலது கைச் சுட்டுவிரல் நுனியில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. மாசி மாதம் பத்தொன்பதாம் திகதி மறுபடி டொக்டரைப் பார்க்க டெர்மின், அதாவது தவணை. அதற்குள் புண் ஆறும் வழியைக் காணாவிட்டால் ஆஸ்பத்திரியில் மறித்து மருந்து ஏற்றவேண்டும், கராஜ் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் தேனுஜா டோர்ட்முண்டில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், பேச்சில் வெட்டொன்று துண்டு இரண்டு. அவள்தான் கூரையில் பூட்டும் ஹீற்றர் ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து தகப்பனின் கையில் கொடுத்தாள். "அம்மான்ர கை சூடா இருக்கோணும். இல்லையெண்டா நானே வந்து கராஜைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போயிடுவன்" என்றாளாம்.

இதெல்லாம் எனக்கு முதல் சனிக்கிழமையே தெரியும். அதனால்தான் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனேன்.

போய் முதலில் அளந்தேன். அந்த ஹீற்றர் காற்றைச் சூடாக்காது, வெயில்போல எதிரே இருப்பதை மட்டும் சூடாக்கும். அதனால் எங்கே பூட்டுகிறோம் என்பதுதான் முழு வேலையும். தலைக்கு நேர் மேலே பூட்டினால் தலை காயும், கை குளிரும். முதுகுக்குப் பின்னால் பூட்டினால் சொந்த உடம்பின் நிழல் கையில் விழும். றெஜிபோமுக்குக் கிட்டப் பூட்டினால் யானையின் தும்பிக்கை உருகும். பெயின்ற் ஸ்பிறே அடிக்கும் நேரம் போடவே கூடாது. வாசல் பக்கம் பூட்டவும் ஏலாது. கராஜ் கதவு மேலே எழும்பிக் கூரைக்குக் கீழே படுக்கிற மாதிரிக் கதவு.

"அக்கா, நீங்கள் எங்க இருந்து வேலை செய்வியள்?" என்று கேட்டேன்.

"இந்தா, இந்தப் பின்சுவர் மேசையில, இந்த ஸ்டூலில" என்றார்.

அந்த மேசைக்கு மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி, இடப்பக்கமாகச் சரித்து, வெப்பம் சரியாக இரண்டு கையிலும் விழுகிற மாதிரிப் பூட்டினேன். தனி வயர், தனி பியூஸ். சொல்லக்கூடாது, வடிவான வேலை. போட்டுவிட்டதும் அக்கா ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ தம்பி, ஏணியில நிண்டு களைச்சுப்போனியள்." தேத்தண்ணி வந்தது, பருத்தித்துறை வடை வந்தது. பத்து நிமிடத்தில் நான் ஜக்கெற்றைக் கழற்றினேன். "பாத்தியளோ அண்ணை, எப்பிடி வேலை செய்யுது!" என்று சிற்றம்பலம் அண்ணைக்கு என் முழங்கையைக் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

புதன்கிழமை அண்ணையின் போன் வந்தது.

"தம்பி, அக்காவுக்குச் சூடு காணாது. விரல் அப்பிடியே வெள்ளையாத்தான் கிடக்கு."

"அண்ணை, அது இரண்டாயிரம் வற். அதுக்குக் கீழ கோழியே பொரிக்கலாம்."

"உமக்கு என்ன தெரியும்? இரத்தினம் வந்து பாத்திட்டுச் சொல்லுறார், நீர் பூட்டின மூலை பிழையாம்."

இரத்தினம் அண்ணை கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். அவர் வராத வீடும் இல்லை, சொல்லாத கருத்தும் இல்லை. நெருப்பு எப்போதும் தென்கிழக்கு அக்கினி மூலையில் இருக்கவேண்டுமாம். நான் வடக்குச் சுவர்ப் பக்கம், அதுவும் குபேரனுக்குரிய இடத்தில், நெருப்பை வைத்துவிட்டேனாம். குபேரனுக்குச் சூடு ஏறினால் அக்காவின் விரலுக்கு எப்படி ஏறும்?

இரண்டாவது சனிக்கிழமை போனபோது இரத்தினம் அண்ணை எனக்கு முன்னமே வந்து, கைபேசியில் திசைகாட்டியோடு அந்த வெள்ளைக் கதிரையில் இருந்தார். ஜக்கெற் இல்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. "சூடு காணாது தம்பி" என்றார் என்னைப் பார்த்து.

"அண்ணை, தென்கிழக்கு மூலை கதவடி. கதவு எழும்பினால் ஹீற்றரில வந்து இடிக்கும்."

"கதவைத் திறக்கமாட்டன்" என்றார் சிற்றம்பலம் அண்ணை. "வீட்டுப் பக்கத்து வாசலால போய் வருவன். சத்தியமாச் சொல்லுறன்."

"நான் ஒரு மைஸ்டர். இப்பிடிப் பூட்டக்கூடாது எண்டு எனக்குத் தெரியும்."

"அக்காவின்ர கையைப் பாரும், பாத்திட்டுச் சொல்லும்."

பார்த்தேன். அக்கா வீட்டுப் பக்கத்து வாசலடியில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். தட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. சுட்டுவிரலில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏணியில் ஏறினேன். கழற்றினேன். கராஜ் கதவைத் திறக்கும் ரிமோற் கொன்றோலின் பற்றரியைக் கழற்றி அண்ணையின் சட்டைப் பைக்குள் வைத்தேன். தென்கிழக்கு மூலையில் பூட்டினேன். பின்சுவர்ப் பக்கக் கூரையில் நான் விட்டுவந்த நான்கு துளையும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

மேசையையும் அங்கே இழுத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஸ்டூல் வந்தது. ஸ்டூலுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கதிரையும் வந்தது. யார் கொண்டுவந்தது என்று நான் கவனிக்கவில்லை. "இருங்கோ தம்பி" என்றார் அக்கா. இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்புறோஸ் என்று ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்கு மணவறை பார்க்க வந்திருக்கிறார். தூணை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னதும் அண்ணை பழக்கதோசத்தில் பற்றரியைப் போட்டு ரிமோற்றை அமத்தியிருக்கிறார். கதவு எழும்பி வந்து ஹீற்றரின் மூக்கில் இடித்தது. பிடிப்புத் தகடு வளைந்தது. "சத்தியம் பண்ணினது எனக்கு ஞாபகம் இருந்தது, கைக்குத்தான் ஞாபகம் இல்லை" என்றார் போனில். நான் போனை வைத்தேன். இன்னும் கதைத்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமையை நான் விவரிக்கப் போவதில்லை. தகட்டை நிமிர்த்தி, கூரையின் நட்டநடுவில், நேர் கீழே பார்க்கப் பூட்டினேன். யாரோ ஒருவர் அப்படித்தான் தன் வீட்டில் பூட்டியிருக்கிறாராம், நல்லாயிருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குப் போனதும் என் மனைவி, "அடுத்த கிழமை பாயும் தலையணையும் கொண்டு போங்கோ, அங்கயே இருந்திடலாம்" என்றாள்.

நான்காவது கிழமை போன் பண்ணியது தேனுஜா.

"மாமா, நீங்கள் உண்மையிலேயே எலக்ட்ரீஷியன்தானோ?"

"ஏனம்மா?"

"புண் பெருசாகியிருக்கு. மூண்டு தரம் பூட்டியும் அம்மான்ர கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. டெர்மினுக்கு இன்னும் பதின்மூண்டு நாள்தான். நான் திறப்பை எடுக்கப்போறன். அம்மா அழுறா."

இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோபத்தில் காது சிவந்தது. ஆனால் 'அம்மா அழுறா' என்றது காதுக்குள்ளேயே நின்றது. சனிக்கிழமை போகும்போது கம்பனியிலிருந்து வெப்பம் அளக்கும் கருவியைக் கொண்டுபோனேன். துப்பாக்கிபோல இருக்கும். விசையை அமத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று விழும். விழுந்த இடத்தின் சூட்டை இலக்கத்தில் சொல்லும். இனி எவரும் எனக்குக் கதை சொல்லத் தேவையில்லை, இலக்கம் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

கராஜுக்குள் தேனுஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணை தூணுக்குப் பின்னால் பதுங்கி நின்றார். நான் வந்த உடனே அக்கா எழும்பித் தேத்தண்ணிக்குப் போனார்.

"பாருங்கோ" என்றேன். ஹீற்றருக்குக் கீழே இருந்த வெள்ளைக் கதிரையில் சிவப்புப் புள்ளியை வைத்தேன். முப்பத்தொன்று. "ஹீற்றரில பிழை இல்லை." மேசை விளிம்பில் வைத்தேன். இருபத்துநாலு. பிறகு வீட்டுப் பக்கத்து வாசலடியில் இருந்த ஸ்டூலில் வைத்தேன். ஒன்பது.

"ஸ்டூல் ஏன் அங்க கிடக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கள் வந்தால் அம்மா அங்கதானே இருக்கிறவ" என்றாள் தேனுஜா.

"நான் வந்தால்தானே. மற்ற நேரம்?"

மூவரும் கணக்குப் பார்த்தோம். மற்ற நேரம் எது? அந்தக் கராஜில் ஆள் இல்லாத நேரம் எது? காலை பத்து மணிக்கு இரத்தினம் அண்ணை வருவார், மத்தியானம் வரை இருப்பார். மணவறை கேட்டு வருகிறவர்கள், கோயில் சங்கத்தார், பக்கத்து வீட்டு சாண்ட்ரா. குளிருக்குள் சூடான ஓர் இடமும் தேத்தண்ணியும் இருக்கிறது என்றால் எங்கள் சனம் விடுமா? ஒவ்வொருவர் வரும்போதும் அக்கா எழும்பியிருக்கிறார். வெள்ளைக் கதிரையை ஹீற்றருக்குக் கீழே இழுத்து, "இதில இருங்கோ, இதுதான் சூடான இடம்" என்று இருத்தியிருக்கிறார். பிறகு கல்லுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, காற்று அடிக்கிற அந்த வாசலடியில் ஸ்டூலைப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

நான் ஹீற்றரை வடக்கில் பூட்டினாலும் தெற்கில் பூட்டினாலும் நடுவில் பூட்டினாலும் அந்தக் கதிரைதான் அதற்குக் கீழே வந்து நின்றது. அதில் முதல் முதல் இருந்து ஜக்கெற்றைக் கழற்றியவன் நான்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். நான் அவருடைய விரலில் சிவப்புப் புள்ளியை வைத்தேன். பதினான்கு. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிற விரல் பதினான்கு.

"அக்கா, இந்த ஹீற்றர் ஆருக்கு?"

"எனக்குத்தான் தம்பி. பிள்ளை வாங்கித் தந்தது."

"அப்ப ஏன் நீங்கள் அதுக்குக் கீழ இருக்கேல்லை?"

"இருக்கிறனான்தானே. ஆக்கள் வந்தால்தான் எழும்புறது. வாறவையைக் குளிருக்குள்ள இருத்திப்போட்டு நான் சூட்டுக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறதோ? என்ன கதை தம்பி இது?"

அண்ணை தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து தலையில் கை வைத்தார். "முப்பத்தொன்பது வருசம்" என்றார். "நான் சாப்பிடேக்க ஒரு நாள் பக்கத்தில இருந்து சாப்பிட்டதில்லை. எனக்கெல்லோ இது விளங்கியிருக்கோணும்."

ஹீற்றரைக் கழற்றித் திரும்பவும் பின்சுவருக்கே கொண்டுபோனேன். என்னுடைய அந்த முதல் நான்கு துளையும் சும்மா கிடந்தன. மேசையை அடியில் தள்ளினோம், ஸ்டூலை வைத்தோம், அக்காவை இருத்தினோம். மூன்று நிமிடத்தில் விரல் சிவந்துவந்தது. தேனுஜா தாயின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இனி ஆர் வந்தாலும் எழும்பக்கூடாது" என்றேன்.

"ஓம் தம்பி."

"அம்மா, சத்தியம்?"

"ஓம் ஓம்."

கதவு தட்டுப்பட்டது. இரத்தினம் அண்ணை. அக்கா எழும்பிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கதவு முழுதாகத் திறக்க முன்னமே எழும்பிவிட்டார். "வாங்கோ அண்ணை, இதில இருங்கோ." நான் போய் வெள்ளைக் கதிரையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் என் வானுக்குள் எறிந்தேன். அந்த வீட்டில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அண்ணை போன் பண்ணினார். குரலில் உயிர் இல்லை. "கதிரை இல்லையெண்டு இப்ப ஸ்டூலைக் குடுக்கிறாள் தம்பி. தான் நிண்டுகொண்டு ஒட்டுறாள். நான் ஏசினால், 'அவையும் எங்களை நம்பித்தானே வருகினம்' எண்டுறாள். புதன்கிழமை டெர்மின். நான் என்ன செய்ய?"

அந்தப் போனுக்குப் பிறகு இரண்டு நாள் யோசித்தேன். ஹீற்றரை எங்கே பூட்டுவது என்று இல்லை. அதற்கு முதல் சனிக்கிழமையே விடை கிடைத்துவிட்டது. இந்த மனுசியை எங்கே பூட்டுவது என்பதுதான் இப்போது கேள்வி. எழும்பாதீர்கள் என்று சொன்னால் எழும்புவார். உங்களுக்காக என்று சொன்னால் காதில் ஏறாது. அக்காவின் காதில் ஏறுவது ஒன்றே ஒன்றுதான்: வருகிற ஆளுக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம்.

ஐந்தாவது சனிக்கிழமை ஏணியைக் கொண்டுபோனேன். ஏறினேன். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், கையால் தட்டித் தட்டிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தேன். பெருமூச்சு விட்டேன். பிறகு இறங்கி வந்து, என் தொழில் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யைச் சொன்னேன்.

"அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு. கழற்றிக் கழற்றிப் பூட்டினதில ஓட்டை பெருத்துப்போச்சு. வடிவாப் பிடிக்கேல்லை. விழாது எண்டுதான் நினைக்கிறன். ஆனால் விழவும் கூடும்."

அக்காவின் முகம் மாறியது. "ஐயோ, வாற ஆக்களின்ர தலையில விழுந்தால்?"

"அதுதான் சொல்லுறன். இனி இதுக்குக் கீழ ஒருத்தரையும் இருத்தாதையுங்கோ. இரத்தினம் அண்ணையின்ர மண்டை உடைஞ்சால் நாங்கள் என்ன முகத்தோட கோயிலுக்குப் போறது?"

"கடவுளே, அந்த மனிசன் நேற்று முழுக்க இதுக்குக் கீழதானே இருந்தவர்!"

எல்லாம் நான் நினைத்தபடி போனது. இனி ஒருவரையும் அங்கே இருத்தமாட்டார். அக்காவும் பயந்து விலகி இருப்பாரே என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஒரு கிழமை போகட்டும், நான் வந்து இறுக்கிவிட்டேன், இனி நீங்கள் மட்டும் இருக்கலாம் என்று இரண்டாவது பொய்யைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை.

அக்கா ஹீற்றரை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலைச் சரியாக அதன் கீழே இழுத்துப் போட்டார். இருந்தார். கல்லுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் இதிலயே இருக்கிறன் தம்பி. இடம் வெறுமையாக் கிடந்தால் ஆரும் தெரியாமல் வந்து இருந்திடுவினம்."

அண்ணையைப் பார்த்தேன். உண்மை என்னவென்று அவருக்கு வாசலிலேயே சொல்லியிருந்தேன். அவர் தூரிகையைக் கையில் பிடித்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். தூரிகையிலிருந்த பொன் நிறம் அவருடைய சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு இரத்தினம் அண்ணை வந்தார். வழக்கம்போலக் கையைத் தேய்த்துக்கொண்டு சூட்டுப் பக்கம் நடந்தார்.

"அண்ணை, கிட்ட வராதையுங்கோ!" அக்கா இருந்த இடத்திலிருந்தே கத்தினார். "அங்கயே நில்லுங்கோ! இது விழும்!"

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விருந்தாளியை நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். அவர் எழும்பவும் இல்லை. அன்று எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தது சிற்றம்பலம் அண்ணை. வாயில் வைக்க முடியாத தேத்தண்ணி. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

புதன்கிழமை டொக்டர் புண்ணின் ஓரம் காய்ந்து வருகிறது என்று சொல்லி ஆறு கிழமை தவணை கொடுத்தார். அந்தத் தவணைக்குள் புண் மூடிவிட்டது. தேனுஜா திறப்பைத் தகப்பனிடமே விட்டாள். எனக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் அனுப்பினாள், 'எலக்ட்ரீஷியன் மாமாவுக்கு' என்று எழுதி.

எனக்கு வந்த பலன் வேறு. வசந்த்குமார் பூட்டினது விழுமாம் என்று இரத்தினம் அண்ணை கோயில் வாசலில் நின்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அம்புறோஸ் தன் புது வீட்டு வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்தார். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் நான் மாட்டிய மின்விளக்குத் தோரணத்துக்குக் கீழே ஒருவரும் இருக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டோடு சுவர் ஓரமாக நின்று சாப்பிட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் பூட்டிய ஒன்றும் விழுந்ததில்லை. அந்த ஹீற்றரில் நான் தொங்கினாலும் விழாது, பூட்டிய அன்று தொங்கிப் பார்த்தவன் நான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அண்ணையிடம் இரண்டு தரம் கேட்டேன். "சொன்னால் எழும்பிவிடுவாள்" என்றார். அது சரிதான்.

போன கிழமையும் அந்தப் பக்கம் போனேன். மறுபடி குளிர் தொடங்கிவிட்டது. அக்கா ஹீற்றருக்குக் கீழே இருந்து ஒரு மயிலின் கழுத்துக்கு நீலக் கல் ஒட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நல்ல சிவப்பு. கராஜில் வந்திருந்த மற்ற மூன்று பேரும் ஜக்கெற்றோடு கதவடியில் நின்று நடுங்கிக்கொண்டே கதைத்தார்கள். நான் அந்த மயிலைப் பார்ப்பதற்காக மேசையருகே போனேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு தன் தலைக்கு மேலே பார்த்தார்.

"தம்பி, தள்ளி நில்லுங்கோ. உங்கட தலையில விழுந்திடும்."

நான் தள்ளி நின்றேன்.